முதல் வரியில் இருந்த நீர்

உஷாராணி எந்தக் கணக்கையும் மூன்று வரிகளில்தான் தொடங்குவாள். முதல் வரியின் ஓரத்தில் ‘தொ’ என்று எழுதுவாள், தொடக்கம். இரண்டாவது வரியில் ‘மா’, மாற்றம். மூன்றாவது வரியில் ‘ச’, சமநிலை. வேதியியலை அவள் இடைநிலைப் பள்ளியில் மலாயிலும் பாலிடெக்னிக்கில் ஆங்கிலத்திலும் படித்தவள். எனினும் அந்த மூன்று எழுத்துகள் மட்டும் எப்படியோ தமிழிலேயே நின்றுவிட்டன. ஆய்வகத்து வெள்ளைப் பலகையில் அவற்றைக் கண்ட சீனப் பொறியாளர் ஒருவர் அதைப் படித்துக் காட்டச் சொன்னார். அவள் படித்துக் காட்டியதும், தோமஸ் என்பது யார், உன் கணவரா என்று அவர் கேட்டார். அன்று முதல் ஆலையில் அவளுக்குத் தோமஸ் அக்கா என்று பெயர். முடிவு தெரிய வேண்டியவர்கள் ஆய்வகக் கதவில் தலையை நீட்டி, “தோமஸ் என்ன சொல்றாரு?” என்றுதான் கேட்பார்கள்.

அந்தப் பெயரை அவள் வெறுத்ததில்லை. காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், குலை வெட்டும் தொழிலாளியின் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள் அவள். பள்ளிப் பேருந்துக்குக் காத்திருந்த காலத்திலிருந்தே, ஒரு காரியம் எங்கே தொடங்குகிறது, எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விரும்பினாள். திருமணமான புதிதில் ரயில் ஓட்டுநரான கணவர் விமலனோடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தாள். அந்தக் குடியிருப்பை இடித்தபின் இருவரும் கிள்ளானுக்குக் குடிபெயர்ந்தார்கள். துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருந்த ஆலையில் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தவள், இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே கட்டடத்தில் இருந்து, இப்போது ஆய்வகப் பொறுப்பாளராக இருக்கிறாள். வயது நாற்பத்தேழு. குழந்தைகள் இல்லை.

ஆலையின் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செம்பனை எண்ணெயிலிருந்து பிரித்த கொழுப்பு அமிலத்தையும் ஆல்கஹாலையும் பெரிய எஃகு உலையில் சேர்த்துக் காய்ச்சுவார்கள். இரண்டும் கூடி, முகப்பூச்சுகளில் கலக்கும் எஸ்டர் என்ற வழுவழுப்பான நீர்மமாகும். எஸ்டர் உண்டாகும்போது கூடவே சிறிது நீரும் உண்டாகும். ஆனால் அமிலம் முழுவதும் மாறிவிடுவதில்லை. உண்டான எஸ்டரும் நீரும் மறுபடி கூடி அமிலமாகவும் ஆல்கஹாலாகவும் திரும்பத் தொடங்கும். போகிறதும் வருகிறதும் ஒரே வேகத்தை அடையும் இடத்தில் உலை நின்றுவிடும். பார்ப்பதற்கு எதுவும் நடக்காததுபோல் இருக்கும். அந்த இடத்துக்குத்தான் சமநிலை என்று பெயர். அங்கே எவ்வளவு அமிலம் எஞ்சியிருக்கும் என்று முன்பே சொல்வது தோமஸின் வேலை.

சீனப் புத்தாண்டும் தைப்பூசமும் அடுத்தடுத்து வந்த ஆண்டு அது. புத்தாண்டு விடுமுறையால் புது ஆல்கஹால் கொண்டுவரும் லோரி வரவில்லை. உலையிலிருந்து ஆவியாகி வந்து மீண்டும் குளிர்ந்து சேர்ந்த பழைய ஆல்கஹால் ஒரு தொட்டி நிறைய இருந்தது. சாதாரண நாளில் அதிலுள்ள நீரைக் கோபுரம் போன்ற ஒரு குழாயில் பிரித்தெடுத்தபிறகுதான் திரும்பப் பயன்படுத்துவார்கள். நீரை அளக்கும் கருவி பழுதாகி, பெட்டாலிங் ஜெயாவில் உள்ள முகவரிடம் போயிருந்தது. அவர் கடையும் விடுமுறையில் மூடியிருந்தது. தயாரிப்பு மேலாளர் செல்வகுமார், தொட்டியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். உஷாராணி ஒரு சொட்டை எடுத்து ஆய்வகத்தில் இருந்த மற்றொரு கருவியில் இட்டுப் பார்த்தாள். திரையில் ஒற்றைச் சிகரமாக ஆல்கஹால் மட்டும் எழுந்து நின்றது. வேறு எந்தக் கலப்பும் தெரியவில்லை. சுத்தம் என்று கையெழுத்துப் போட்டாள்.

அன்று மதிய ஷிப்டில் உலையைப் பார்த்துக்கொண்டவன் பக்கிரிசாமி. திருவாரூர்ப் பக்கத்துக்காரன், முப்பத்திரண்டு வயது. வேலைப் பெர்மிட்டில் வந்து ஆறாவது ஆண்டு. அவனுடைய பெர்மிட் புதுப்பிப்புக்கு வந்திருந்தது. அதற்காகப் பத்துமலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மாலை அணிந்து, ஒருவேளைச் சோற்றில் விரதம் இருந்தான். உஷாராணியும் விரதம்தான். காலையில் இருவரும், தேங்காய்ப்பால் சோறு மணக்கும் ஆலைக் கேண்டீன் வாசலில் தண்ணீர்ப் புட்டியோடு சந்தித்துக்கொள்வார்கள். “என்னக்கா, நாசி லெமாக் வாசம் கொல்லுதா?” என்று அவன் சீண்டுவான். “நீ போய் உலைய மோந்து பாரு, பசி போயிரும்” என்பாள் அவள்.

அன்று உலை வழக்கம்போல் கொதித்தது. அமிலம் வழக்கம்போல் குறைந்துகொண்டே வந்தது. பிறகு குறைவது நின்றுவிட்டது. நூற்றுக்கு ஏழு பங்கு எஞ்சும்வரை இறங்க வேண்டிய அமிலம் இருபதில் நின்றது. பக்கிரிசாமி உலையிலிருந்து சிறிது பிடித்து மாதிரிக் குப்பியை ஆய்வகத்துக்கு அனுப்பினான். இருபது என்று வந்தது. இடைவெளி விட்டு இன்னொன்று அனுப்பினான், அதுவும் இருபது. மூன்றாவதும் அப்படியே. ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, “அக்கா, எறங்க மாட்டேங்குதுக்கா. அப்படியே நிக்கிது” என்றான். சூடு சரியாக இருக்கிறதா பார், இன்னும் காய்ச்சு என்றாள் அவள். அவனும் காய்ச்சினான். இரவு ஷிப்ட் வந்து உலையை நிறுத்தியபோதும் இருபதுதான். அவ்வளவு எஸ்டரும் அடுத்த கட்டத்துக்குப் போக முடியாமல் கெட்டது. வாங்குபவருக்குச் சொன்ன நாளில் சரக்கு போகவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணை நடந்தது. கூட்ட அறையில் செல்வகுமாரும், மனிதவளப் பிரிவுப் பெண்ணும், தலைமையகத்திலிருந்து வந்த ஒருவரும் இருந்தார்கள். பக்கிரிசாமி வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். செல்வகுமார் பலகையைக் காட்டி, “தோமஸ் என்னா சொல்றாரு உஷா?” என்றார்.

அவள் எழுந்து மூன்று வரிகளை எழுதினாள். தொடக்கத்தில் அமிலம் ஒரு பங்கு, ஆல்கஹால் ஐந்து பங்கு. எடையால் வரும் பங்கு அல்ல இது. மூலக்கூறுகளை எண்ணுவதற்கு வேதியியலார் வைத்திருக்கும் மோல் கணக்கு. எஸ்டர் பூஜ்யம். நீர் பூஜ்யம். இரண்டாவது வரி மாற்றம். ஓர் அமிலம் ஓர் ஆல்கஹாலைத்தான் பிடிக்கும். ஓர் எஸ்டரையும் ஒரு நீரையும்தான் விடும். ஆகவே அமிலத்தில் எக்ஸ் குறைந்தால் ஆல்கஹாலிலும் எக்ஸ் குறையும். எஸ்டரிலும் நீரிலும் அதே எக்ஸ் கூடும். சமன்பாட்டின் அந்த விகிதம் கையில் இருந்தால், நான்கு பொருள்களின் கதையையும் ஒரே எழுத்தால் சொல்லிவிடலாம். மூன்றாவது வரி முதல் இரண்டின் கூட்டல். உண்டானவற்றைப் பெருக்கி, எஞ்சியவற்றின் பெருக்கத்தால் வகுத்தால், அந்தச் சூட்டில் இந்த வினைக்கு எப்போதும் மூன்று வரும். அதை வைத்து எக்ஸைக் கண்டாள். நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று மாறியிருக்க வேண்டும். ஏழு எஞ்சியிருக்க வேண்டும்.

“இருபது இருந்திச்சு” என்றார் தலைமையகத்தவர்.

“அப்படின்னா உலை போக வேண்டிய எடத்துக்குப் போகல” என்றாள் உஷாராணி.

சூட்டைக் குறைத்துவிட்டிருப்பானா, வினையூக்கியைச் சரியாகப் போடவில்லையா என்று பேச்சு ஓடியது. அப்போது செல்வகுமார் அந்த மூன்று குப்பிகளைப் பற்றிக் கேட்டார். உலை இறங்கிக்கொண்டிருந்தால் மூன்று தடவையும் ஒரே எண் எப்படி வரும்? உஷாராணி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கின்படி உலை இன்னும் பாதி வழியில் நிற்கிறது. பாதி வழியில் நிற்கும் உலையில் எண் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். அசையவில்லை என்றால் ஒன்றுதான் பொருள் என்று தோன்றியது. தோன்றியதை அவள் சொன்னாள்:

“ஒரு தடவ புடிச்சதையே மூணு குப்பியில ஊத்தி அனுப்பியிருக்கலாம்.”

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. விரதம், ஒருவேளைச் சாப்பாடு, மதிய வெயில், எங்கேயோ சாய்ந்து கண்ணயர்ந்திருப்பான் என்று செல்வகுமார் வருத்தத்தோடு முடித்தார். அவரும் காவடி எடுத்தவர்தான். விரத மயக்கம் அவருக்குத் தெரியும். அதனாலேயே அந்த முடிவு எல்லாருக்கும் பொருத்தமாகப் பட்டது. வேலையில் தூங்கி, பொய்யான மாதிரிகளை அனுப்பியவனுக்குப் பெர்மிட் புதுப்பிக்க ஆலை ஒப்பாது. தைப்பூசம் முடிந்த வெள்ளிக்கிழமைக்கு அவனுக்கு டிக்கெட் எடுப்பது என்று முடிவாயிற்று.

அவனுக்குச் சொன்னபிறகு அவன் ஆய்வகத்துக்கு வந்தான். உள்ளே வராமல் கதவருகே நின்றான். கழுத்தில் மாலை இருந்தது.

“அக்கா, நான் மூணு தடவையும் மேல ஏறித்தான்க்கா புடிச்சேன்.”

“கணக்கு அப்படிச் சொல்லலையே தம்பி” என்றாள் உஷாராணி.

கணக்கைத் தான் பார்க்கலாமா என்று அவன் கேட்கவில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனான்.

தைப்பூசத்தன்று விமலனோடு அவள் ரயிலில் பத்துமலைக்குப் போனாள். பெட்டி முழுவதும் மஞ்சள் உடைகள். விமலன் கதவோரம் நின்று, தான் ஓட்டும் தடத்தில் பயணியாக வருவதுதான் பெரிய தண்டனை, பிரேக் பிடிக்கிறவனைக் குறை சொல்லாமல் வர முடியவில்லை என்று சிரிப்பு மூட்டப் பார்த்தார். அவள் சிரித்தாள். ஆனால் கவனம் அங்கே இல்லை. ஆற்றங்கரையிலிருந்து பால்குடங்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. படிகளின் அடியில், கூட்டத்தின் நடுவே, தலையில் குடத்தோடு பக்கிரிசாமி போவதைக் கண்டாள். அறைத்தோழர்கள் இருவர் அவனுக்கு இருபுறமும் வந்தார்கள். பெர்மிட்டுக்காக வேண்டிய பால்குடத்தை, பெர்மிட் போனபிறகும் அவன் எடுத்துக்கொண்டு போனான். அவள் கூப்பிடவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டாள். அவன் படியேறி மறைந்தபிறகுதான் விமலன், “தெரிஞ்ச பிள்ளையா?” என்று கேட்டார். வேலையிடத்துப் பையன் என்றாள்.

மறுநாள் புதன்கிழமை. நீர் அளக்கும் கருவி பழுது நீங்கித் திரும்பி வந்திருந்தது. ஆய்வக உதவியாளர் ஹலீமா, நாகூரிலிருந்து தொழில்முறை விசாவில் வந்த பெண், அதைப் பிரித்து வைத்து, கருவி இல்லாத நாள்களின் காப்பு மாதிரிகளை ஓட்டிப் பார்க்கவா என்று கேட்டாள். ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் ஒரு குப்பி எடுத்து வைப்பது ஆய்வகத்தின் வழக்கம். கருவி திரும்பியதும் விட்டுப்போன சோதனையைச் செய்து முடிப்பதும் வழக்கம். நீ மற்றதைப் பார், ஆல்கஹாலை நானே செய்கிறேன் என்றாள் உஷாராணி. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கருவியில், நீர் நூற்றுக்குப் பன்னிரண்டு என்று எண் வந்து நின்றது.

ஹலீமா எட்டிப் பார்த்து, ஊசியில் ஏதோ ஒட்டியிருக்கும், இன்னொரு தடவை இடுங்கள் என்றாள். உஷாராணி மறுபடி இட்டாள். பன்னிரண்டு. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

விடுமுறை நாளில் அவள் ஆல்கஹாலை இட்டுப் பார்த்த அந்த மற்றொரு கருவி, வரும் பொருளை ஒரு சிறு தீயில் எரித்து, எரிந்ததைத்தான் திரையில் காட்டும். எரியாததை அது காணாது. நீர் எரியாது. இது அவளுக்குத் தெரியாத செய்தி அல்ல. புதிதாக வரும் ஒவ்வொரு உதவியாளருக்கும் முதல் வாரத்திலேயே அவள் சொல்லித் தரும் செய்தி; ஹலீமாவுக்கும் சொல்லியிருந்தாள். நீர் இருந்தது, கருவியால் அதைப் பார்க்க முடியவில்லை. பார்க்கவில்லை என்பதை இல்லை என்று எடுத்துக்கொண்டு அவள் கையெழுத்துப் போட்டாள். நீரைப் பிரிக்கும் கோபுரக் குழாய் விடுமுறைக்காகக் கழுவித் திறந்து கிடந்ததையும் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

ஆய்வகப் பலகையில், விசாரணைக்கு முன் அவள் போட்டுப் பார்த்த அதே மூன்று வரிகள் அழிக்கப்படாமல் இருந்தன. முதல் வரியில் நீருக்குக் கீழே அவள் கையால் போட்ட வட்டமான பூஜ்யம். அதை அழித்தாள்.

கணக்கை மறுபடி போட்டாள். ஐந்து பங்கு ஆல்கஹால் என்று நினைத்து ஊற்றியது முந்நூறு கிராமுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டாள். அதில் முப்பத்தாறு கிராம் நீர். நீரின் மோல் எடையான பதினெட்டால் வகுத்தால் நீர் இரண்டு பங்கு. மிச்சம் இருநூற்று அறுபத்து நான்கு. ஆல்கஹாலின் மோல் எடையான அறுபதால் வகுத்தால் ஆல்கஹால் நான்கு புள்ளி நான்கு பங்குதான். எனவே முதல் வரியில் அமிலம் ஒன்று, ஆல்கஹால் நான்கு புள்ளி நான்கு, எஸ்டர் பூஜ்யம், நீர் இரண்டு. இரண்டாவது வரி பழையபடியே, விகிதம் அதேதான். ஓர் அமிலத்துக்கு ஓர் ஆல்கஹால், ஓர் எஸ்டர், ஒரு நீர். மூன்றாவது வரியில் நீர் மட்டும் எக்ஸ் அல்ல, இரண்டும் எக்ஸும். பெருக்கி வகுத்து மூன்றுக்குச் சமமாக்கினாள். எக்ஸ் எண்பதுக்கு ஒரு மயிரிழை குறைவாக வந்தது.

எஞ்சும் அமிலம் நூற்றுக்கு இருபது.

உலை பாதி வழியில் நிற்கவில்லை. போகக்கூடிய கடைசி இடம்வரை போய்த்தான் நின்றது. எஸ்டர் உருவாகும் முன்பே உள்ளே நீர் இருந்ததால் அந்த இடமே முன்னால் வந்துவிட்டது. பக்கிரிசாமி இன்னும் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சியிருந்தாலும் அது இருபதைவிட இறங்கியிருக்காது. இறங்க மாட்டேங்குதுக்கா என்று அவன் தொலைபேசியில் சொன்னது, சமநிலை என்ற சொல்லுக்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் உள்ள பொருள்தான். அதைக் கேட்டுக்கொண்டே அவள் அவனைப் பொய்யன் ஆக்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது. காகிதக் கணக்கை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால் போதாது என்று அவளுக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு கணக்கைக் கொண்டுபோய்த்தான் இவ்வளவும் நடந்தது. வியாழக்கிழமை காலை இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தாள். ஒன்றில் காப்பு மாதிரியிலிருந்து ஆல்கஹால். மற்றதில் அன்று லோரியில் வந்த புதியது. இரண்டிலும் ஒரே அமிலம், ஒரே அளவு வினையூக்கி, ஒரே சூடு. ஹலீமாவை உடன் நிற்கச் சொன்னாள். நண்பகலுக்குள் புதிய குடுவை ஏழுக்கு இறங்கி நின்றது. பழையது இருபதில் நின்றது. மறுபடி எடுத்தாள், இருபது. சற்றுப் பொறுத்து மறுபடி எடுத்தாள், இருபது. ஒரே எண் மூன்று குப்பிகளில். இந்தத் தடவை எடுத்தவள் அவளே.

ஹலீமா குப்பிகளைப் பார்த்தபடி, “அப்ப அந்த அண்ணன்…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.

செல்வகுமாரின் அறையில் குளிர்சாதனம் இரைந்துகொண்டிருந்தது. அவர் கெட்டவர் அல்லர். பந்திங்கில் தோட்டத்து வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து படித்து மேலே வந்தவர். மேசையில் இரண்டு முடிவுகளையும் அவள் வைத்தபோது, அவர் அவற்றை முழுவதும் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“என்னா உஷா, முடிஞ்ச கதைய எதுக்குக் கிண்டுறீங்க? ரிப்போர்ட் மேலுக்குப் போயாச்சு. நாளைக்கு டிக்கெட்.”

“போன ரிப்போர்ட்டுல என் கணக்கு தப்பு, சார்.”

“எவ்வளவு தப்பு?”

“முதல் வரியே தப்பு. உள்ள தண்ணி இருந்திச்சு. நான் இல்லன்னு எழுதிட்டேன்.”

அவர் சன்னலுக்கு வெளியே உலைக் கட்டடத்தைப் பார்த்தார். “சரி, கணக்கு தப்பு. அந்த மூணு குப்பி? அது தனிக் கத லா. அவன் ஒரு தடவதான் எடுத்தான்னு நீங்கதானே சொன்னீங்க.”

“சொன்னேன். இப்பவும் அந்த நம்பர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு தடவ ஏறி எடுத்தாலும் அதே நம்பர்தான் வரும். ஒரு தடவ எடுத்து மூணுல ஊத்தினாலும் அதேதான் வரும்.”

“அப்ப அவன் தூங்கலன்னும் உங்களால சொல்ல முடியாது.”

“முடியாது, சார். அவனத்தான் கேக்கணும். அவன் என் கதவுகிட்ட வந்து நின்னு சொன்னான். நான் கேக்கல.”

செல்வகுமார் இரண்டு முடிவுகளையும் மறுபடி எடுத்துப் பார்த்தார். புது ரிப்போர்ட் எழுதினால் யார் பெயரைப் போட்டு எழுதுவது என்று கடைசியில் கேட்டார். என் பெயர்தான், ஆல்கஹாலுக்குக் கையெழுத்துப் போட்டது நான் என்றாள் அவள். கையெழுத்துப் போடும் பொறுப்பு அவளிடமிருந்து போகும், இருபது வருடப் பெயர் போகும் என்று அவர் எச்சரித்தார். அதட்டலாக அல்ல, கூடப் பிறந்தவளுக்குச் சொல்வதுபோல் சொன்னார். அவள் தெரியும் என்று தலையசைத்தாள். தொலைபேசியை எடுக்கப் போனவர், கை ரிசீவர்மேல் இருக்க, “கோபுரம் கழுவப் போட்டிருந்தது எனக்குத் தெரியும் உஷா. நீங்க டெஸ்ட் பண்ணிட்டீங்கன்னு விட்டுட்டேன். அதையும் எழுதுங்க” என்றார்.

டிக்கெட் நின்றது. பெர்மிட் முகவர் முதலில் முடியாது என்றார். பிறகு சில நாள் அலைக்கழித்து, அபராதமில்லாமல் தாள்களைத் திரும்ப உள்ளே போட்டார். பக்கிரிசாமி பெட்டியைக் கட்டி, அறைத்தோழர்களிடம் சோற்றுப் பானையையும் மின்விசிறியையும் கொடுத்துவிட்டிருந்தான். மின்விசிறி மட்டும் திரும்பி வந்தது. உஷாராணிக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூலப்பொருள்களுக்குக் கையெழுத்துப் போடும் பொறுப்பு ஹலீமாவிடம் போனது. முதல் முறை கையெழுத்திடும் முன் ஹலீமா தயங்கி அவள் முகத்தைப் பார்த்தாள். போடு என்று அவள் கையால் காட்டினாள். ஆலையில் சிலர், தோமஸுக்கே தண்ணி காட்டிட்டாங்க என்று சிரித்தார்கள். சில வாரங்களில் அந்தச் சிரிப்பும் ஓய்ந்தது.

பக்கிரிசாமி வேலைக்குத் திரும்பிய அன்று அவள் கேண்டீன் வாசலில் காத்திருந்தாள். மாலையைக் கழற்றியிருந்தான். முகம் மெலிந்திருந்தது.

“தம்பி, என் கணக்கு தப்பாப் போச்சு. அத வச்சு உன்மேல பழியப் போட்டுட்டேன். நீ வந்து சொன்னப்பவும் நம்பல.”

“இருக்கட்டும்க்கா” என்றான் அவன். “வேலை கெடச்சிருச்சுல்ல.”

இன்னும் ஏதாவது சொல்லுவான் என்று அவள் நின்றாள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளும் எண்ணத்தோடுதான் வந்திருந்தாள். அவன் திட்டவில்லை. நாசி லெமாக் வாசத்தைப் பற்றியும் எதுவும் பேசவில்லை. ஷிப்ட் தொடங்குகிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று மதியம் ஆய்வகத் தொலைபேசி அடித்தது.

“அக்கா, சாம்பிள் எடுக்கப் போறேன். யாராச்சும் வந்து நிக்கச் சொல்லுங்க.”

“எதுக்கு தம்பி? நீயே எடுத்து அனுப்பு.”

“இல்லக்கா. யாராச்சும் நின்னாத்தான் நல்லது.”

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்வதுபோல் வெகு சாதாரணமாகச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஹலீமா எழுந்தாள். நீ இரு என்று சொல்லிவிட்டு உஷாராணி தலைக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

உலைக் கட்டடத்தின் இரும்புப் படிகள் வெயிலில் சுட்டன. மேலே பக்கிரிசாமி குழாயருகே நின்றிருந்தான். அவள் வந்து சேரும்வரை கையை வைக்கவில்லை. வந்ததும் திறந்து, குழாயில் தேங்கியிருந்த பழையதை வாளியில் விட்டுக் கழித்து, புதியதைக் குப்பியில் பிடித்தான். மூடியைத் திருகினான். ஒட்டுச்சீட்டில் நேரத்தை எழுதி, எழுதியதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். அவள் பார்த்தாள். அவள் பார்த்துவிட்டாள் என்று உறுதியானபிறகுதான் குப்பியைப் பெட்டியில் வைத்தான்.

அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது. அவன் ஷிப்டில் மாதிரி எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஆய்வகத்துக்குத் தொலைபேசி வரும். வேண்டாம் என்று ஒருமுறை செல்வகுமாரே சொல்லிப் பார்த்தார். சரி சார் என்று சொல்லிவிட்டு, அடுத்த முறையும் கூப்பிட்டான். ஆய்வகத்துப் பலகையில் இப்போது மூன்று வரிகள் எழுதினால், முதல் வரியில் நீரின் இடத்தை அளந்து பார்க்கும்வரை உஷாராணி வெறுமையாகவே விட்டுவைக்கிறாள். தொலைபேசி அடித்தால் எழுதுகோலை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். முழங்கால் வலிக்கிறது என்று விமலனிடம் சொல்லியிருக்கிறாள், பக்கிரிசாமியிடம் சொன்னதில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரும்புப் படிகளில் மெல்ல ஏறிப் போகிறாள். அவள் மேலே வந்து சேரும்வரை, குழாயில் கை வைக்காமல் பக்கிரிசாமி நிற்கிறான்.